தாய்மாமன் மடியும் மூன்று மில்லிகிராமும்

அழைப்பிதழ் முந்நூறு அடித்து, அதில் நூற்றெண்பதை வீடு வீடாகக் கொடுத்தும் முடித்த பிறகுதான் கண்ணையன் போன் செய்து வரமாட்டேன் என்றான். முன்பே சொல்லியிருந்தால் பத்மா ஏதாவது செய்திருப்பாள். திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு ஒரு வரியை எடுத்துவிட்டு வேறு வரி போட எவ்வளவு நேரமாகும்? இப்போது ஊரில் பாதி வீட்டுக் காலண்டர் ஆணியில் அந்த மஞ்சள் அட்டை தொங்குகிறது. ‘எங்கள் செல்வமகள் கயல்விழியைத் தாய்மாமன் திரு. கண்ணையன் அவர்கள் மடியில் அமர்த்தி, மலைமேல் முடியிறக்கிக் காது குத்தும் விழா.’ ஆவணி இரண்டாவது ஞாயிறு. இன்னும் பதினொரு நாள்.

மாமன் மடி இல்லாமல் காது குத்தக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. பெரியப்பா மகன் மடியில் வைத்தாலும் அதே காது, அதே ஓட்டைதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து இறங்குகிறவர்கள் கீழே வந்து சேர்வதற்குள் என்னென்ன பேசுவார்கள் என்று பத்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவளே எத்தனை வீட்டு விசேஷத்தில் அப்படிப் பேசிக்கொண்டு இறங்கியிருக்கிறாள்! அதுவும் போகட்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு அண்ணன்தான். அவன் வராவிட்டால், இனி எதற்கும் வரமாட்டான் என்று அர்த்தம்.

"இன்னாண்ணா இப்படிச் சொல்ற? பத்திரிகையில உன் பேரு போட்டாச்சி."

"எனக்கு மெமோ வாங்கிக் குடுத்தவன் ஊட்டு விசேஷத்துக்கு நான் மடி குடுக்கணுமா?"

"அவரு வேலைய அவரு செஞ்சாரு."

"செய்யட்டும். மாமன் வேலைய வேற யாரையாச்சும் வெச்சி செஞ்சிக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

கண்ணையனுக்கும் பத்மாவின் புருஷன் கஜபதிக்கும் ஒரே இடத்தில் வேலை. கோதாவரிக் கரைப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கம். பூமிக்கடியில் முந்நூறு மீட்டர். கண்ணையன் அங்கே ஓவர்மேன். மூன்றாம் பகுதியில் அவன் கை தூக்கினால் மெஷின் ஓடும், இறக்கினால் நிற்கும். கஜபதிக்குத் தூசிப் பிரிவு. தூசிக்கு ஒரு பிரிவா என்று கல்யாணத்தின்போது தெருவே சிரித்தது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் ‘தூசி அளக்கிறார்’ என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பத்மாவின் அத்தை ‘ஆபீசர்’ என்று சொல்லி வைத்தாள். அந்த ஆபீசர் லீவில் வரும்போதெல்லாம் கரி ஏறிய நகக்கண்ணைப் பார்த்துவிட்டுத் தெரு இன்னும் கொஞ்சம் சிரித்தது.

சிரிக்கிற விஷயமில்லை என்பது பத்மாவுக்குக் கல்யாணமான பிறகுதான் புரிந்தது. மெஷின் கரியை அறுக்கும்போது கிளம்பும் தூளில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். தெரியாததுதான் நெஞ்சின் அடிவரை போய் உட்கார்ந்துகொண்டு, பத்திருபது வருஷம் கழித்து மனுஷனை மாடிப்படி ஏறவிடாமல் செய்யும். அதே தூள் காற்றில் எழும்பி நெருப்புப் பட்டால் சுரங்கத்தையே ஊதித் தள்ளிவிடும். அதனால் அறுக்கிற இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். நடைவழியெல்லாம் சுண்ணாம்புக்கல் மாவைத் தூவி வைக்க வேண்டும். மேலேயிருந்து நல்ல காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் கஜபதியின் வேலை. வேலை செய்கிறவன் சட்டைக் காலரில், மூக்குக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுவான். இடுப்பில் ஒரு குட்டி மோட்டார். அது ஷிப்ட் முழுக்க, ஆள் மூச்சிழுப்பதுபோல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். கருவிக்குள் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். தூசி அதில் படியும். போகும்போது தாளுக்கு ஒரு எடை, வந்ததும் ஒரு எடை. ஒரு கன மீட்டர் காற்றில் மூன்று மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. தாண்டினால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவனைக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள்.

ஆனி மாதம் புதிதாக ஐந்து கருவிகள் வந்தன. முதல் முதலாக மூன்றாம் பகுதியில் ஐந்து பேருக்கு மாட்டினார்கள். ஐந்தும் மூன்றைத் தாண்டின. ஒன்று ஏழுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பகுதியை இரண்டு ஷிப்ட் நிறுத்தி, தண்ணீர்க் குழாய் வாயையெல்லாம் கழற்றி மாட்டி, கடைசியில் கண்ணையன் கையில் மெமோவைக் கொடுத்தார்கள். தூசிக் கட்டுப்பாட்டில் அலட்சியம். விசாரணை முடியும்வரை பதவி உயர்வு கிடையாது. பத்து வருஷமாக அந்த உயர்வுக்காகக் காத்திருந்தவன் கண்ணையன். கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் தங்கச்சி புருஷன்.

கஜபதி லீவில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. வந்ததிலிருந்து கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் போகிறவர்களிடம் தன் நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். சொந்தக்காரன் என்று பார்த்து எடையைக் குறைத்து எழுத முடியுமா, நாளைக்கு எவனாவது இருமி இரத்தம் கக்கினால் யார் பதில் சொல்வது என்று கேட்பான். கேட்கப்பட்டவர்கள் சாதிச் சான்றிதழுக்கு நகலெடுக்க வந்தவர்கள். ‘ஆமாங்க, ஆமாங்க’ என்று சில்லறையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைக்கு வெளியே நடைபாதையில் பூக்கட்டி விற்கும் எல்லம்மாளுக்கு மட்டும் அந்த நியாயம் முழுசாகத் தேவைப்பட்டது. அவளுக்குக் கை பூவில் இருக்கும், காது கடைக்குள் இருக்கும்.

"இன்னா பத்மா, உங்கண்ணன் எப்ப வர்றாரு? மாமன் சீருக்கு மாலை நான்தான் கட்டணும், சொல்லிட்டேன்."

"வருவாருக்கா. லீவு கெடைக்கணும்ல."

"ஆங், லீவு. மெமோ குடுத்தவங்களே லீவும் குடுக்கணும் பாரு" என்றாள் எல்லம்மாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

மெமோ விஷயம் இவளுக்கு யார் சொன்னது என்று பத்மா புருஷனைப் பார்த்தாள். கஜபதி மின்விசிறியைப் பார்த்தான்.

விஷயம் உடைந்தது அந்த வெள்ளிக்கிழமைதான். உடைத்தவர் கீழ்க் கிராமத்து விவசாயி ஒருவர். பேர் இந்தக் கதைக்குத் தேவையில்லை, திரும்ப வரமாட்டார். நில வரைபடத்தை நகலெடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி தாலுகா ஆபீஸ்வரை போனவர், அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"இன்னாம்மா இது? என் கொல்லைக்கு நடுவுல புதுசா வாய்க்கா வெட்டி வெச்சிருக்க?"

பத்மா வாங்கிப் பார்த்தாள். வரைபடத்தின் குறுக்கே, தெற்கு எல்லையிலிருந்து வடக்கு எல்லைவரை, பட்டையாக ஒரு சாம்பல் நிறக் கோடு. இன்னொன்று எடுத்துப் பார்த்தாள். அதிலும் வாய்க்கால். காலையிலிருந்து எடுத்துக் கொடுத்த அத்தனையிலும் இப்படித்தான் போயிருக்குமோ? மூடியைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். ஓரத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு. விரலால் வழித்தாள். விபூதி.

வெள்ளிக்கிழமை தவறாமல் மெஷினுக்கு மூன்று பட்டை பூசிப் பொட்டு வைத்துவிட்டுத்தான் அவள் கடை திறப்பாள். அன்றைக்கு அண்ணன் நினைப்பில் கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டாள் போலிருக்கிறது. மெஷினைப் பழுது பார்க்க வரும் பையன் போன ஆயுத பூஜைக்கே தலையிலடித்துக்கொண்டு போனான். ‘சாமி படத்துக்குப் பூசுக்கா, கண்ணாடிக்குப் பூசாத. ஒரு துளி உள்ள போனா எல்லாப் பேப்பர்லயும் அதான் வரும்’ என்றான்.

எல்லாப் பேப்பரிலும் அதுதான் வரும்.

பத்மா விரலில் ஒட்டியதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். விவசாயிக்கு வாய்க்கால் இல்லாத நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க, அந்த அஞ்சு பேரும் எங்கெங்க நின்னுகினு வேல செஞ்சாங்க?"

"எந்த அஞ்சு பேரு?"

"உங்க கருவி மாட்டிக்கினவங்க."

"துளசிங்கம்னு ஒருத்தன், மெஷின் ஓட்டறவன். அவனாண்ட மூணு பேரு. ஒருத்தன் கரி போற பெல்ட் வாயில."

"பெல்ட் வாய் எங்க கீது?"

"நல்ல காத்து உள்ள வர்ற வழியில. அறுக்கற எடத்துக்கு நானூறு மீட்டர் முன்னாடி."

"அவனுக்கு எவ்ளோ வந்திச்சி?"

"அஞ்சு புள்ளி ஒண்ணு."

"நல்ல காத்துல நிக்கிறவனுக்கு அஞ்சா?"

"எனக்கும் அது இடிச்சிக்கினுதான் இருந்திச்சி. பெல்ட்டு தூள கௌப்பி வுட்டிருக்கும்னு நெனச்சேன்."

"சரி. வைகாசியில மலை விபூதி ஒரு பொட்டலம் குடுத்தனுப்பிச்சேனே, அத இன்னா பண்ணீங்க?"

கஜபதி உடனே பதில் சொல்லியிருந்தால் பத்மா விட்டிருப்பாள். அவன் ஸ்டூலை ஒரு அங்குலம் பின்னால் நகர்த்தினான். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் புருஷன் ஸ்டூலை நகர்த்தினால் என்ன அர்த்தம் என்று தெரியாதவளா அவள்?

"போனக் குடுங்க."

போனில் படம் இருந்தது. எடுக்காமல் இருப்பானா? மேசைமேல் சிவப்புத் துணி விரித்து, ஐந்து புதுக் கருவிகள் வரிசையாக. ஒவ்வொன்றின் தலையிலும் அழுத்தமாக மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமப் பொட்டு. முன்னால் நான்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், உடைத்த தேங்காய். பக்கத்தில் ஒரு தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய கண்ணையன்.

"இதுல காத்து இழுக்கற வாய் எது?"

கஜபதி ஆள்காட்டி விரலை நீட்டினான். விரல் குங்குமப் பொட்டின்மேல் போய் நின்றது.

"தொடச்சிட்டுத்தான் மாட்டினேன்" என்றான்.

"நானும் கண்ணாடிய தொடச்சிட்டுத்தான் மூடி போட்டேன்."

கஜபதி மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு ஷிப்ட் முழுக்கக் கருவி இழுப்பது ஏறக்குறைய ஒரு கன மீட்டர் காற்று. ஒரு சிட்டிகை விபூதி முந்நூறு மில்லிகிராமாவது இருக்கும். அதில் நூறில் ஒரு பங்கு வாய்க்குள் போனாலே மூன்று. அவன் பூசியது ஒரு சிட்டிகையும் இல்லை, சுவாமிக்கே சாத்துவதுபோல் சாத்தியிருக்கிறான்.

"தாளு வெளுப்பா இருந்திருக்குமே. அதுகூடவா கண்ணுக்குத் தெரியல?"

"வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் மாவுதான தூவிக்கினு இருக்கோம்? அதுன்னு நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "விபூதி நீ குடுத்ததுதான?" என்றான்.

"நெத்தியில பூசிக்கக் குடுத்தேன்! மோட்டார் வாயில பூசச் சொன்னேனா?"

அதற்குப் பிறகு நடந்தது புருஷன் பெண்டாட்டி சண்டை. அதன் சாரம் மட்டும் போதும். எழுதிப் போடுங்கள் என்றாள் பத்மா. மாட்டேன் என்றான் கஜபதி. எழுதினால் சுரங்கம் முழுக்கச் சிரிக்கும், பேரோடு விபூதி சேர்ந்துகொள்ளும், தூசிப் பிரிவிலிருந்து தூக்கி பெல்ட்டுக்கு அடியில் கரி வாரப் போடுவார்கள் என்றான். அடுத்த முறை பொட்டு வைக்காமல் அளந்தால் எடை தானாகக் குறையும், எல்லாம் தானாக அடங்கும் என்றான்.

"அடுத்த மொற அளக்கறதுக்குள்ள ஞாயித்துக்கிழம வந்துடும். எங்கண்ணன் மேல வுழுந்த பழி அப்டியே கீது."

"உங்கண்ணன், பாவாவுந்தான் அன்னிக்கு நின்னாரு. எலுமிச்சம்பழம் வெச்சியான்னு கேட்டதே அவருதான்."

"எலுமிச்சம்பழத்துக்கா மெமோ குடுத்தாங்க?"

உண்மையைச் சொன்னால், பத்மாவுக்கும் உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருந்தது. எழுதிப் போட்டால் விபூதி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கஜபதி மறைக்க மாட்டான். அவனுக்கு மறைக்கத் தெரியாது. பத்மா கொடுத்த விபூதியால் சுரங்கமே நின்றது என்று கோதாவரிக் கரையில் நான்கு பேர் சிரித்தால் பரவாயில்லை. அது திருத்தணிக்கு வந்து சேர எத்தனை நாளாகும்?

ஒரு நாள்கூட ஆகவில்லை. சாயங்காலம் கடை மூடும்போது எல்லம்மாள் மல்லிகைப் பந்தைக் கூடையில் வைத்துக்கொண்டே, "நம்ம மலை விபூதிக்குத்தான் எவ்ளோ சக்தி பாரு பத்மா! உங்க ஊட்டுக்காரரு ஒரு சிட்டிகை வெச்சாராம், பூமிக்கு அடியில அவ்ளோ பெரிய மெஷினே நின்னுடுச்சாமே" என்றாள்.

மறுநாள் காலையில் டீக்கடையில் கஜபதியை யாரோ, "வாங்க விபூதி சார்" என்று கூப்பிட்டார்கள். அவன் டீயைக் குடிக்காமலே வீட்டுக்கு வந்தான்.

"தெருவுக்கே தெரிஞ்சி போச்சி. இனிமே சுரங்கத்துக்குத் தெரிஞ்சா இன்னா?" என்றாள் பத்மா.

இப்படியாக, எந்த அவமானத்துக்குப் பயந்தானோ அதை எல்லம்மாளே முன்கூட்டிக் கொடுத்துவிட்டதால், கஜபதிக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. கடையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவன் சொல்லச் சொல்ல பத்மா தட்டினாள். தினம் பத்துப் பேருக்கு மனு அடித்துக் கொடுப்பவள் அவள். அந்த ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ‘பூஜையின்போது சிறிது தூள் பட்டிருக்கலாம்’ என்று ஆரம்பித்தான். ‘பட்டிருக்கலாம் இல்ல, பூசினீங்க’ என்று அதை அடித்தாள். ‘மத நம்பிக்கையின் காரணமாக’ என்றான். ‘அதெல்லாம் வேணாம், யார் பூசினது, எங்க பூசினது, எத்தினி கருவி, அத எழுதுங்க’ என்றாள். கடைசியில் படத்தையும் சேர்த்து, சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பினார்கள். படத்தில் கண்ணையனின் பல்லை வெட்டிவிடலாமா என்று பத்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

பாதுகாப்பு அதிகாரி தெலுங்குக்காரர். திங்கட்கிழமை மத்தியானம் கூப்பிட்டார். முதல் இரண்டு நிமிஷம் அவருக்குப் பேச வரவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். கஜபதி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான். சிரித்து முடித்த பிறகு அவர் சொன்னது வேறு தினுசாக இருந்தது. ஐந்து தாளும் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, எரித்துப் பார்க்கிறேன் என்றார்.

"எரிச்சா இன்னா தெரியும்?" என்று பத்மா கேட்டாள்.

"கரி எரிஞ்சி போயிடும். விபூதி எரியாது, அது ஏற்கெனவே எரிஞ்சதுதான. கரியிலயும் கொஞ்சம் சாம்பல் கீது, அதுக்கு ஒரு கணக்கு கீது, கழிச்சிக்கலாம். மிச்சம் எவ்ளோ கரி உள்ள போச்சின்னு தெரிஞ்சிடும்."

"அப்ப எங்கண்ணன் தப்பிச்சிடும்."

"ஆங்" என்றான் கஜபதி. அவனுக்கு மட்டும் என்னவோ இன்னும் இடித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. எல்லம்மாள் மாலைக்கு ரோஜா சொல்லிவிட்டாளாம். மாமன் வரவில்லையென்றால் ரோஜாவை என்ன செய்வது என்று மூன்று முறை கேட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம், பத்மா கயல்விழிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது கண்ணையனிடமிருந்து போன் வந்தது.

"விசாரண முடிஞ்சிச்சிம்மா."

"இன்னா ஆச்சிண்ணா?"

"தாள எரிச்சிப் பாத்தாங்க. பெல்ட் வாயில நின்னவனுக்கு ஒண்ணுகூட இல்ல. மூணு பேரு ரெண்டு, ரெண்டரையில வந்து நின்னுட்டாங்க."

"அப்ப சரியாப் போச்சில்ல!"

"துளசிங்கத்துக்கு எறங்கல."

"இன்னாது?"

"விபூதியெல்லாம் கழிச்ச பொறவு, நாலு புள்ளி ஒண்ணு."

பத்மா சோற்றுக் கையோடு எழுந்து வாசல் பக்கம் வந்தாள். "ஏண்ணா?"

கண்ணையன் பக்கத்தில் யாரோ தெலுங்கில் வாளியை எடு என்று கத்துவது கேட்டது.

"மெஷினுக்குப் பன்னெண்டு தண்ணி வாய் கீது. அதுல மூணு அடைச்சிக்கினு இருந்திச்சி. வைகாசியிலருந்தே. சுரங்கத்துத் தண்ணி பாரு, சேறு. தெனம் கம்பி வெச்சிக் குத்தி வுட்டு ஓட்டிக்கினு இருந்தேன். குத்தின அரை அவர்ல மறுபடி அடைச்சிக்கும். வடிகட்டி வேணும்னு எழுதியிருக்கணும். எழுதினா மெஷின நிறுத்தி மாட்டணும். நிறுத்தினா டன் கொறையும். டன் கொறஞ்சா என்னக் கேப்பாங்க."

"விசாரணையில இதச் சொன்னியா?"

"மொத நாளு பன்னெண்டும் சரியா இருந்திச்சின்னுதான் சொன்னேன். அவங்க கழட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே கம்பி வுட்டுக் குத்திட்டேன்ல. இன்னிக்கு சேப்டி சாரு, மாப்ள எழுதினத எல்லாரு முன்னாடியும் படிச்சாரு. நானே பூசினேன், நானே மாட்டினேன், அஞ்சு கருவியிலயும்னு. எல்லாம் சிரிச்சான். படிச்சி முடிச்சிட்டு, ‘கண்ணையா, நீ இன்னா சொல்ற?’ன்னாரு. மாப்ள அவ்ளோ வெக்கத்த வுட்டு எழுதிக் குடுத்துட்டான். அதுக்கப்புறம் நான் எத்தச் சொல்றது?"

"துளசிங்கம் எப்பிடி கீறாரு?"

"எக்ஸ்ரே எடுக்க அனுப்பிருக்காங்க. ரெண்டு மாசமா இருமிக்கினுதான் இருந்தான். சளின்னு சொன்னான், நானும் சளின்னேன்."

முடிவு இதுதான். கண்ணையன் மெமோ எச்சரிக்கையாகக் குறைந்தது. பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. வடிகட்டி வந்து மாட்டும்வரை மூன்றாம் பகுதி மெஷின் ஓடாது. கஜபதிக்குத் தனியாக ஒரு மெமோ: அளவுக் கருவியை மாசுபடுத்தியது. தூசிப் பிரிவிலிருந்து தூக்கவில்லை. அந்த வேலைக்கு வேறு யாரும் வரத் தயாராக இல்லை என்று ஒரு பேச்சு.

"ஞாயித்துக்கிழம..." என்று ஆரம்பித்தாள் பத்மா.

"டிக்கெட்டு கெடைக்கல. ஜெனரல்ல ஏறி ரேணிகுண்டாவுல எறங்கி பஸ் புடிக்கறேன். உங்கண்ணி பிரேமாவுக்கு லீவு இல்ல, நான் மட்டுந்தான். ஆனா ஒண்ணு."

"சொல்லுண்ணா."

"பஸ் ஸ்டாண்டுக்கு மாப்ள வந்து என்ன அழைக்கணும். ஆட்டோவ அனுப்பிட்டு ஊட்ல குந்திக்கினு இருந்தாருன்னா, அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்."

சனிக்கிழமை மத்தியானம் திருப்பதி பஸ் ஒவ்வொன்றாக வந்து நின்றபோது, கஜபதி வேட்டி சட்டையில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றுகொண்டிருந்தான். நான்காவது பஸ்ஸில் கண்ணையன் இறங்கினான். கையில் பட்டுப் பாவாடைப் பை.

"வாங்க பாவா" என்றான் கஜபதி.

"ஊர்ல உன்ன இன்னா பேரு சொல்லிக் கூப்புடறாங்க இப்போ?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கும் ஒரு பேரு வெச்சிட்டாங்க மாப்ள. கம்பி கண்ணையன்" என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் மலைக்கு எல்லோரும் வண்டியில் போனார்கள். கண்ணையன் மட்டும் படியில்தான் ஏறுவேன், வேண்டுதல் என்றான். கஜபதி துணைக்குப் போனான். முந்நூற்றறுபத்தைந்து படியில் கண்ணையன் மூன்று இடத்தில் உட்கார்ந்தான். நாற்பத்திரண்டு வயது ஆள். முதல் தடவை செருப்பு வைத்த இடம் ஞாபகமில்லை என்றான், இரண்டாம் தடவை வெயில் என்றான். மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அடுத்த மாசம் ஒரு கருவி உங்க காலர்ல மாட்டறேன் பாவா" என்றான் கஜபதி.

"நான் ஓவர்மேன்டா, எனக்கு எதுக்கு?"

"நீங்களும் அந்தக் காத்தத்தான இழுக்கறீங்க?"

கண்ணையன் மேலே பார்த்தான். இன்னும் நூறு படி இருந்தது. "சரி, மாட்டு. பொட்டு வைக்காம மாட்டு."

முடியிறக்கும் இடத்தில் கயல்விழி ஊரைக் கூட்டினாள். கண்ணையன் அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முதலில் தலை, பிறகு சந்தனம், பிறகு காது. ஆசாரி இடது காதில் கம்பியைக் கோத்தபோது கயல்விழி மாமன் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்த இடத்தை அவன் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லம்மாள் கட்டிய ரோஜா மாலை அவன் கழுத்தில் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. எல்லம்மாள் முன்வரிசையில் நின்று ஒன்று விடாமல் பார்த்தாள். இறங்கும்போது பேச அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணன் கொண்டுவந்த கொலுசு கனம் குறைவு என்று மட்டும் யாரிடமோ சொன்னாளாம்.

பத்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மடியில் உட்கார்ந்திருந்த மொட்டைத் தலையையும், அதைப் பிடித்திருந்த அண்ணன் கையையும் மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை இருவரும் ஒன்றாக ரயிலுக்குக் கிளம்பினார்கள். இட்லிப் பொட்டலம், முறுக்கு டப்பா, குழந்தை மொட்டையடித்த படம். பையின் பக்க அறையில் எப்போதும்போல் மலை விபூதி ஒரு பொட்டலம். கஜபதி அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

பொட்டலத்தின்மேல் பத்மா கடையில் அச்செடுத்த சீட்டு ஒன்றை ஒட்டியிருந்தாள். பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு: ‘நெற்றிக்கு மட்டும்.’

கண்ணையனுக்கும் அதே சீட்டோடு ஒரு பொட்டலம் தனியாக இருந்தது.